ஹவில்தார் கருப்பனின் குறுக்கு வழி

காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போன எல்லம்மாள், பால் வாங்காமலே திரும்பி வந்தாள். தெருமுனையில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார். செத்து அன்றோடு சரியாக ஒரு வருஷம்.

பன்னிரண்டு அடி உயரம். நெஞ்சில் ஏழு வரிசைப் பதக்கம். காலரில் சிவப்புப் பட்டை, தோளில் சிங்கமும் நட்சத்திரங்களும். பின்னால் ஒரு டாங்கி, இரண்டு போர் விமானம், எல்லாவற்றுக்கும் பின்னால் உதிக்கிற சூரியன். மனுஷன் விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். கீழே, 'பாரதத் தாயின் தவப்புதல்வன், எங்கள் குலவிளக்கு, ஹவில்தார் ம. கருப்பன், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று ஆளுயர எழுத்து.

முகம் மட்டும்தான் அவருடையது. ரேஷன் கார்டுக்காக எடுத்த போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த முகம். ரேஷன் கார்டு போட்டோவில் யாரும் வீரமாக இருப்பதில்லை. எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்கிற முகமாகத்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய் யாரோ ஒரு கர்னலின் கழுத்தில் ஒட்டியிருந்தான் பிளெக்ஸ் கடைக் கிச்சா. அவன் கடையில் அது வழக்கம்தான். செத்தவர் போட்டோ சுமாராக இருந்தால் கோட்டு சூட்டு போட்ட உடம்பு, பட்டு வேட்டி கட்டிய உடம்பு என்று கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருப்பான். தலையை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. மிலிட்டரி உடம்பு கேட்டு வந்த முதல் ஆள் எல்லம்மாளின் மகன் பூபாலன்தான் போலிருக்கிறது. இன்டர்நெட்டில் கிடைத்ததிலேயே பெரிய பதவியாகப் பார்த்துப் போட்டுவிட்டான்.

எல்லம்மாள் பதக்கத்தைப் பார்க்கவில்லை. சல்யூட் அடிக்கிற கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன. கருப்பனுக்கு வலது கையில் மூன்று விரல்தான். சுண்டு விரலையும் மோதிர விரலையும் கல்யாணத்துக்கு முன்பே பனிமலையில் விட்டுவிட்டு வந்தவர். தாலி கட்டியதே அந்த மூன்று விரலால்தான். முப்பத்தாறு வருஷம் பிடித்துக்கொண்டு நடந்த கை எது என்று அவளுக்குத் தெரியாதா?

வீட்டுக்குள் வந்ததும் தூங்கிக்கொண்டிருந்த பூபாலனின் போர்வையை உருவினாள்.

"எந்திரிடா. தெருமொனைல இன்னா பண்ணி வெச்சிக்கீற?"

பூபாலன் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தான். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். முப்பத்து நாலு வயசு. கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸில் வந்து, அலுங்காமல் வாழ்கிறவன். அவனாக முன்னின்று செய்த முதல் காரியம் இந்த பிளெக்ஸ்தான்.

"பாத்துட்டியாம்மா? எப்டி கீது?"

"யாரோ மாரி கீது. அது உங்கப்பாரு இல்ல. போயி எறக்கு."

"இன்னாம்மா நீ, தெருவே பாத்துட்டு அசந்து போயிக்கீறாங்க..."

"தெரு அசரும். பத்து மணிக்கு அவரோட பட்டாளத்துல இருந்த சுபேதாரு சாரும் சாமும் வராங்கோ. அவங்க அசருவாங்களா? தனக்கில்லாத பட்டைய மாட்டிக்கினு நின்னான்னு உங்க நைனாவப் பேச மாட்டாங்க? உயிரோட இருந்தவரிக்கும் ஒருத்தர்கிட்ட ஒரு சொல்லு வாங்கினதில்ல அந்த மனுஷன்."

பூபாலன் எழுந்து உட்கார்ந்தான். சிரிப்புப் போய்விட்டது.

"அப்ப உண்மையான போட்டோ ஒண்ணு குடு. இப்பவே மாத்திடறேன்."

எல்லம்மாள் கையிலிருந்த போர்வையைக் கீழே போட்டாள்.

"இல்ல இல்ல? இருவத்திநாலு வருசம் பட்டாளத்துல இருந்த மனுஷன், யூனிபார்ம்ல ஒரு போட்டோ கூடவா இல்ல? நா அஞ்சாவது படிக்கும்போது எங்க சார் எல்லார் எதிர்லயும் கேட்டாரு. 'உங்கப்பா மிலிட்டிரின்றியே, போட்டோ கொண்டா பாக்கலாம்'னு. நைனாவாண்ட வந்து அழுதேன். இன்னா பண்ணாரு தெரியுமா? பஜ்ஜி வாங்கிக் குடுத்தாரு."

"டேய்..."

"அவருக்கு அந்த வேலையே வெக்கமா? அத்த மட்டும் சொல்லு. வெக்கப்படற மாரி ஏதாவது பண்ணிட்டு வந்தாரா?"

சொல்லக்கூடாது என்று கருப்பன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். முப்பது வருஷமாக அதைக் காப்பாற்றி வந்தாள். இப்போது மகன் தன் அப்பன் மேல் இப்படி ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். வாயைத் திறந்தால் செத்தவருக்குத் துரோகம். திறக்காவிட்டால் இவன் இந்தச் சந்தேகத்தோடேயே காலம் தள்ளுவான். காலங்கார்த்தால இப்படி ஒரு சோதனை வேறு யாருக்கு வரும்?

"போயி எறக்குடா," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். பூபாலன் இறக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

கருப்பனைப் போல ஒரு குடும்பஸ்தனை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இதை எல்லம்மாள் சொன்னால் பெருமை என்பார்கள், தெருவே சொல்லும். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஓட்டலில் இருபது வருஷத்துக்கு மேல் செக்யூரிட்டி வேலை. அங்கே நீல யூனிபார்ம் உண்டு. ஆனால் அதை ஓட்டலிலேயே கழற்றி வைத்துவிட்டு, கட்டம் போட்ட சட்டையோடுதான் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து செங்கல்பட்டு வந்து சேருவார். போன வருஷம் அப்படித் திரும்பி வந்த பஸ்ஸில்தான், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஸ்டாண்டில் கண்டக்டர் தோளைத் தட்டியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகள் படிக்கிற காலத்தில் விடிகாலை நாலரைக்கு எழுந்து இரண்டு பேரின் ஸ்கூல் சட்டையையும் இஸ்திரி போடுவார். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். மகள் சிநேகாவுக்குத் தலை பின்னுவதும் அவர்தான். எல்லம்மாள் பின்னினால் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும்; மூன்று விரலால் அவர் பின்னியது சாயங்காலம் வரை அசையாது. அப்புறம் ஷூ. பாலிஷ் போட்டு, எச்சில் தொட்டுத் துணியால் தேய்த்து, வாசலில் ஜோடி ஜோடியாக வைப்பார். காலில் ஒன்றும் இல்லாமல் பிள்ளைகள் வாசல்படி தாண்டினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். மற்றபடி கோபமே வராத மனுஷன் இதற்கு மட்டும் கத்துவார். திருக்கழுக்குன்றம் மலைக்குக் குடும்பத்தோடு போனால் அவர் படியேற மாட்டார். 'நீங்க போயிட்டு வாங்க, நா செருப்புக்குக் காவல்' என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எல்லம்மாள் மட்டும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டதில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கார் வந்து நின்றது. பட்டாளத்துக்காரர்கள் நேரம் தவற மாட்டார்கள். வீட்டுக்கு வந்திருந்தால் பரவாயில்லை, கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. எல்லம்மாள் கரண்டியை அப்படியே போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே பூபாலனும் ஓடி வந்தான்.

காரிலிருந்து இறங்கிய இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோட்டில் அவரவர் பதக்கம் தொங்கியது. ஒருவர் ஆராவமுதன், சுபேதாராக ஓய்வு பெற்றவர், திருக்கழுக்குன்றம் சன்னதித் தெருக்காரர். கருப்பனோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே ரயிலில் போய், ஒரே ரயிலில் லீவுக்கு வந்தவர். மூட்டு ஆபரேஷனால் சாவுக்கு வரமுடியாமல் போனவர். இன்னொருவர் சாம், அதே பட்டாளத்தில் நாயக். வயதில் இளையவர், வாயில் மூத்தவர்.

"இன்னா அக்கிரமம் இது?" என்றார் சாம். "கர்னல் ட்ரெஸ்ஸு! எவன் மாட்னது இத்த? கேஸ் போட்டா உள்ள புடிச்சி வெச்சிருவான், தெரியுமா? கருப்பண்ண மேல இல்லாத பட்டைய மாட்டிக்கீறீங்களே, அவுரு பாத்தாருன்னா மறுபடி ஒரு தபா செத்துருவாரு."

பூபாலனின் முகம் தொங்கிப்போயிற்று. வாயைத் திறந்தான். அதற்குள் எல்லம்மாள் முன்னால் வந்தாள்.

"நாந்தான் போடச் சொன்னேன்."

பூபாலன் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு இன்னா தெரியும் சாமு? அவர யூனிபார்ம்ல ஒரு நாள் கூட நா பாத்ததில்ல. எப்டி இருப்பாருன்னு பாக்க ஆசையா இருந்திச்சி. எந்தப் பட்டை யாருதுன்னு கண்டனா? தப்புதான். எறக்கிடுவோம்."

பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லி முடித்தபோது அதில் முக்கால்வாசி உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. சாம் தலையைக் குனிந்துகொண்டார். ஆராவமுதன் மட்டும் சிரித்தார்.

"இறக்கலாம், அவசரமில்லை. உயிரோட இருந்தப்போ அவனுக்கு ப்ரமோஷன் லேட்டாத்தான் வந்தது. இப்போ அரை நாளாவது கர்னலா இருக்கட்டும்," என்றார். பிறகு காரிலிருந்து நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு பிரேமை எடுத்தார். "பூபாலா, போன மாசம் போட்டோ கேட்டு போன் பண்ணியே, பரண்ல இருந்த பெட்டியெல்லாம் குடைஞ்சு முந்தாநாள்தான் கிடைச்சது. நேர்லயே கொடுக்கலாம்னு பிரேம் போட்டுண்டு வந்தேன். உள்ள போய்ப் பார்க்கலாம், வா."

வீட்டுக்குள் படத்தைப் பிரித்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். பத்து ஜவான்கள் வரிசையாக நிற்க, ஒருவன் மட்டும் ஓரடி முன்னால் நின்றான். இருபத்து மூன்று வயசு இருக்கும். கையில் ஒரு சின்னப் பிரம்பு. அடுப்பங்கரையிலிருந்து சிநேகா, மருமகள் அம்சா என்று எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"நைனாவா இது?" என்றாள் சிநேகா. "சினிமா ஆக்டர் மாரி கீறாரு."

எல்லம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள். கையில் ஐந்து விரலும் இருந்தன. பனிமலைக்குப் போவதற்கு முன் எடுத்த படம். இந்தக் கையும் அவளுக்குத் தெரியாத கைதான். ஆனால் இது அவருடையது.

"அது ஏன் இவர் மட்டும் முன்னால நிக்கறார் தெரியுமோ?" என்றார் ஆராவமுதன். "அவன்தான் ஸ்டிக் ஆர்டர்லி. கார்டு டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வெச்சு ஆபீசர் செக் பண்ணுவார். உடுப்பு, பெல்ட்டு, பித்தளை, பூட்ஸ், ஒவ்வொண்ணா. எதுலயும் ஒரு குத்தமும் சொல்ல முடியாதவன் எவனோ, அவன் கையில அந்தப் பிரம்பைக் கொடுத்துடுவார். அன்னிக்கு ராத்திரி அவனுக்குக் காவல் கிடையாது. ஆபீஸ் வாசல்ல கௌரவமா நின்னா போதும். நாங்கள்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கினா பெரிசு. உங்கப்பன் ஒரே மாசத்துல ஆறு தடவை வாங்கினான். பூட்ஸுக்குப் பாலிஷ் போட உக்காந்தான்னா ரெண்டு மணி நேரம். குனிஞ்சு பார்த்தா மூஞ்சி தெரியும். பட்டாலியன்லயே அப்படிப் பூட்ஸ் கிடையாது."

பூபாலன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கப்படுகிற வேலை பார்த்தவனுக்கு இப்படி ஒரு நிற்பு வருமா என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

ஆராவமுதன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனுஷர்தான், ஆனால் சபை சேர்ந்துவிட்டால் அவருக்கு ஒரு சிரிப்புக்கதை சொல்லாமல் இருக்க முடியாது.

"அப்பேர்ப்பட்டவன், லீவுக்கு வரச்சே என்ன பண்ணுவான் தெரியுமோ? மெட்ராஸ் வர்றதுக்கு முன்னாடி, கூடூர் தாண்டினதும் பெட்டியைத் தூக்கிண்டு ரயில் கக்கூசுக்குள்ள போயிடுவான். யூனிபார்ம், பூட்ஸ் எல்லாத்தையும் கழட்டிட்டு, கைலியும் ரப்பர் செருப்புமா வெளியே வருவான். ஒரு தடவை இல்லை, முதல் லீவைத் தவிர ஒவ்வொரு தடவையும். நாங்கள்லாம் ஊர்ல நாலு பேர் பார்க்கட்டும்னு மடிப்பு கலையாம உக்காந்திருப்போம். இவன் மாட்டு வியாபாரி மாதிரி இறங்குவான். 'பொண்டாட்டி பயந்துக்குவாளாடா'ன்னு கேலி பண்ணாத நாளில்லை. சிரிச்சுப்பானே தவிர பதில் சொல்ல மாட்டான். ஏம்மா எல்லம்மா, உனக்காவது தெரியுமோ? எதுக்குக் கழட்டுவான்?"

அறையில் இருந்த எல்லாரும் எல்லம்மாளைப் பார்த்தார்கள். பூபாலன் படத்தைக் கீழே வைத்தான்.

"சொல்லும்மா," என்றான். "நா காலைல கேட்டதும் அதான்."

எல்லம்மாள் படத்தில் இருந்த பையனைப் பார்த்தாள். சொல்லவா வேண்டாமா என்று அவனிடம் கேட்டுப் பயனில்லை. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. சத்தியம் வாங்கியவர் வேறு ஆள், சத்தியம் வாங்கியபோது அவருக்கு முப்பத்தைந்து வயசு, தூங்குகிற பிள்ளைகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே வாங்கினார். அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்து எதிரே நிற்கிறார்கள்.

"மொதல் லீவுல யூனிபார்மோடதான் வந்தாரு," என்று ஆரம்பித்தாள். "எம்பதாம் வருசம். படாளம் கூட்ரோட்ல பஸ்ஸ விட்டு எறங்கி ஊருக்கு நடந்து வந்தாரு. அம்மா பாக்கணும்னு பூட்ஸு, தொப்பி எல்லாம் போட்டுக்கினு. ஊர்த் தெரு வழியாத்தான் காலனிக்குப் போவணும். தெரு ஆரம்பத்துல நாலு பேரு உக்காந்திருந்தாங்களாம். 'யார்ரா அது, நம்ம தெருவுல பூட்ஸோட? கழட்டுறா'ன்னாங்களாம்."

அம்சா போய்க் குழம்பு கொதித்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அவுரு அங்கியே மண்ணுல உக்காந்து கழட்டினாரு. அந்த பூட்ஸுல கயிறு ஜாஸ்தியாமே? சீக்கிரம் அவுக்க வரலியாம். 'அது அவுக்கறதுக்குள்ள தெருவே வந்து நின்னு வேடிக்க பாத்துச்சி எல்லம்மா'ன்னு சொன்னாரு. கழட்டினத கைல எடுத்துக்கினு நடந்தா, 'தலைல வெச்சிக்கினு போ'ன்னாங்களாம். தொப்பிய எடுத்துட்டு, தொப்பி இருந்த எடத்துல பூட்ஸ வெச்சிக்கினு போனாரு. யூனிபார்மோட. அவங்கம்மா காலனி முனைல நின்னு பாத்துக்கினே இருந்தாங்களாம். இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கலியாம். கேட்டிருந்தா கூட பரவால்லன்னு சொன்னாரு."

சிநேகா அம்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் அந்த உடுப்ப நம்ம ஜில்லாவுல அவுரு போடல. பசங்களுக்குச் சொல்லாத, தெரிஞ்சா ஒண்ணு குனிஞ்சி நடப்பாங்க, இல்லாட்டி கத்தி எடுப்பாங்க, ரெண்டும் வோணாம்னாரு. நானும் சொல்லல."

"அப்ப ஏரிக்கரை வழி?" என்றான் பூபாலன்.

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். கருப்பனின் சொந்த ஊருக்குப் பொங்கலுக்கும், சாவு வாழ்வுக்கும் குடும்பமாகப் போவார்கள். ஊர்த் தெருப் பக்கமே போகாமல், ஏரிக்கரை மேல் ஏறி, களத்து மேட்டைச் சுற்றி, காலனிக்குப் பின்பக்கமாக நுழைவார்கள். குறுக்கு வழி என்று கருப்பன் சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகளும் நம்பினார்கள். அப்பா சொன்ன குறுக்கு வழியை எந்தப் பிள்ளை அளந்து பார்க்கும்? போன வருஷம் பிணமாகக் கொண்டுபோனபோதும் வண்டிக்காரனை ஏரிக்கரையோடு போகச் சொன்னது எல்லம்மாள்தான். அவர் வழியிலேயே போகட்டும் என்று நினைத்தாள்.

"ஆமாண்டா," என்றாள்.

ஆராவமுதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருஷமா இதை ஜோக்கா சொல்லிண்டிருக்கேன்," என்றார். "மெஸ்ஸுல, கல்யாணத்துல, அவன் எதிர்லயே. அவனும் சிரிப்பானே எல்லம்மா. எனக்குத் தெரியாதும்மா."

அவர் கண் கலங்கியிருந்தது. அவரைத் தேற்ற வேண்டும் என்று எல்லம்மாளுக்குத் தோன்றவில்லை. பக்கத்து ஊர்க்காரர், ஒரே தட்டில் சாப்பிட்டவர், இருபத்து நாலு வருஷத்தில் ஒரு தடவை சிரிக்காமல் கேட்டிருக்கலாம். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

பூபாலன் விறுவிறுவென்று வெளியே போனான். கத்திதான் எடுக்கப் போகிறானோ என்று அவள் வாசலுக்கு ஓடினாள். எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் ஏணி போட்டு பிளெக்ஸின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சாம் போய்க் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். கர்னலைப் பாய் மாதிரி சுருட்டி ஓரமாக வைத்தார்கள்.

படையலுக்கு முன் சமாதிக்குப் போய்வர வேண்டும். வேனில் எல்லாருமாகக் கிளம்பினார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயில் ஏறியிருந்தது. படாளம் தாண்டி வேன் உள்ளே திரும்பியது. ஏரிக்கரை பிரிகிற இடத்தில் பூபாலன் டிரைவரிடம் பழக்கதோஷத்தில் கையைக் காட்டினான்.

"அங்க வோணாம்," என்றாள் எல்லம்மாள். "நேரா போ. தெரு ஆரம்பத்துல நிறுத்து."

"வண்டிலயே போயிடலாம்மா. இப்பல்லாம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"வண்டில போனா போன மாரியா? நா நடக்கறேன்."

அவள் இறங்கினாள். காலில் போன பொங்கலுக்கு வாங்கிய செருப்பு. பின்னால் பூபாலன், சிநேகா. அவர்களுக்குப் பின்னால் பதக்கம் தொங்க ஆராவமுதனும் சாமும், தேய்த்த பூட்ஸ் சத்தத்தோடு. முப்பத்தேழு வருஷமாக அந்த ஊருக்கு மருமகள், இந்தத் தெருவில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கால் வைக்கிறாள். செருப்புச் சத்தம் கேட்காதபடி அடியெடுத்து வைத்தாள். இத்தனை வயசுக்கு மேல் யாருக்குப் பயப்படுகிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

சிமெண்ட் போட்ட தெரு. இரண்டு பக்கமும் பைக்குகள். ஒரு வீட்டு வாசலில் மிளகாய் காயப்போட்டிருந்த பெண், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து கிளறினாள். ஒரு மளிகைக் கடை, ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. பிள்ளையார் கோயில் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயசு இருக்கும். பதக்கத்தைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்து நின்றார்.

"வாங்க வாங்க. மிலிட்டிரிக்காரங்களா? எந்த ஊருக்கு வந்துக்கீறீங்க?"

எல்லம்மாள் நின்றாள். அந்த நாலு பேரில் ஒருவராக இவர் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"இந்த ஊருக்குத்தான். எங்க வூட்டுக்காரரு சமாதிக்கு. அவுரும் மிலிட்டிரிதான்."

"இந்த ஊர்ல மிலிட்டிரியா? யாரு?"

"கருப்பன். காலனி கருப்பன். இருவத்திநாலு வருசம் சர்வீசு."

கிழவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெர்லியேம்மா," என்றார். "இந்தப் பக்கம் வர்றதில்லியோ? வெயில்ல வந்துக்கீறீங்க, தண்ணி எதுனா குடிக்கிறீங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. அது தெரிந்தபோதுதான் எல்லம்மாளுக்கு நெஞ்சு எரிந்தது. தண்ணீர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். இன்னும் பத்து வீடு. தண்ணீர்த் தொட்டி வந்தது, காலனி வந்துவிட்டது.

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். வேன் நின்ற இடம் அங்கிருந்தே தெரிந்தது.

"எவ்ளோ நேரம்டா ஆச்சி?"

பூபாலன் போனைப் பார்த்தான். "அந்தப் பெரியவராண்ட நின்னத விட்டா நாலு நிமிஷம்மா."

ஏரிக்கரை வழி அரை மணி நேரம். சித்திரை வெயிலிலும், ஐப்பசிச் சேற்றிலும், சிநேகாவைத் தோளிலும் பையைக் கையிலும் சுமந்துகொண்டு, 'இதோ வந்துட்டோம், குறுக்கு வழிடா' என்று பாட்டுப் பாடிக்கொண்டே அவர் போவார். அவள் பின்னாலேயே போவாள். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. அதுதான் அவருக்குத் தான் செய்கிற மரியாதை என்று நினைத்திருந்தாள்.

பிணத்தை எடுத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதாள். பூபாலன் ஓடிவந்து தாங்கிப் பிடித்தான்.

"விடும்மா. அவனுங்க பண்ணதுக்கு நீ ஏன் அழுவற?"

"அவனுங்களுக்கா அழுவறேன்?" என்றாள். "எனக்கு எல்லாம் தெரியும்டா. தெரிஞ்சிக்கினே நானும் கூடவே சுத்தினேன். வாய்யா, நா கூட வரேன், இப்டியே போலாம்னு ஒரே ஒரு நாளு நான் கூப்ட்டிருக்கணும்டா."